காட்டிய இடம்

சாத்தூரில் மூடிக்கிடந்த பட்டாசுக் கம்பெனி இடத்தை வாங்கி அச்சகம் தொடங்கிய இன்பராஜ், அங்கே முன்பு ஃபோர்மேனாக இருந்த சீனிச்சாமியிடம் புது போர்வெல் தண்ணீரை நீட்டினார்.

"குடிங்கண்ணே! மண்ணு சோதிக்க வந்தவுகளுக்கு நீங்கதானே இடம் காட்டுனீக? சுத்தமான மண்ணுன்னு ரிப்போர்ட் வந்தபெறகுதான் கிரயமே முடிச்சேன்."

"தாகமில்ல மொதலாளி."

பழைய முதலாளி சொல்லிக்கொடுத்தபடி அன்று சீனிச்சாமி காட்டியது கிழக்கு மூலையை. பத்து வருடப் பட்டாசு மருந்துக் கழிவைத் தன் கையாலேயே அவர் புதைத்தது மேற்கே, இப்போது போர்வெல் போட்டிருக்கும் இடத்தில்.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தவர், தம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டார். இன்பராஜ் அந்தப் பக்கம் திரும்பியதும் தண்ணீரைக் கீழே கொட்டினார்.

அச்சகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அவருடைய மகள் வேல்விழி பதறினாள்.

"நல்ல தண்ணியக் கொட்டுறீகளேப்பா! ஒரு வாரமா நம்ம வீட்டுக்கும் இங்கனருந்துதான் ரெண்டு குடம் கொண்டாரேன்."