கறுப்பு உடைக்காரன் விழுகிறான்

மதலேனாள் தன் மகனோடு பேசி நாற்பத்தொரு நாள் ஆகிறது.

சோறு கொடுப்பாள். மாத்திரையைப் பிரித்துக் கையில் வைப்பாள். வலது இடுப்பில் கம்பி வைத்துக் கட்டிலில் கிடப்பவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகு துடைத்துவிடுவாள். பேச்சு மட்டும் கிடையாது.

சென்னையில் பைக்கிலிருந்து விழுந்துவிட்டான் என்று ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கிய அன்று, "குடிச்சிருந்தியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஜோ இல்லையென்று சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டான்.

அவனுடைய அப்பா குடித்துவிட்டு வண்டி ஓட்டித்தான் உத்தமபாளையம் விலக்கில் செத்துப்போனார். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

கேமரா வாடகைக்கு விடும் கம்பெனியில் வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தான். கால் ஊன்ற முடிந்ததும் திரும்பிப் போய்விடுவேன் என்று தங்கை அருள்செல்வியிடம் தினமும் ஒரு தடவையாவது சொல்வான். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் தெளியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பத்திலிருந்து கலீல் ரஹ்மான் வந்தான். ஜோவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன். ஒரு பை திராட்சையை அடுப்படியில் கொடுத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து செல்லை நீட்டினான்.

தீபாவளிக்கு இரண்டு சூப்பர் ஹீரோ படங்கள். எதற்கு டிக்கெட் போடுவது?

"தேட்டர்ல புக்கிங் தொறந்துட்டாக. உன்னையத் தூக்கிட்டுப் போயாவது காட்டிருவேன் மாப்ள. ஆனா ஒரு படத்துக்குத்தான் தூக்குவேன்."

முதல் டிரெய்லரில் சிவப்பு உடைக்காரன். மலையைப் பிளந்தான். ரயிலை மார்பால் நிறுத்தினான். கோபுர உச்சியிலிருந்து தரைக்கு வந்தான்.

இரண்டாவதில் கறுப்பு உடைக்காரன். முகம் முழுக்க முகமூடி.

"செவப்புக்கே போடு," என்றான் ஜோ. செல்லின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. "கறுப்பு தேறாது."

"ஏலே, பாக்காமயே மார்க் போடுற. மாடியில இருந்து விழுறான் பாரு, அதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு."

"எல்லாம் கிராபிக்ஸ்தான்டா."

நிலைப்படியோரம் நின்றிருந்த அருள்செல்விக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியகுளத்தில் மூன்று வருஷம் இயற்பியல் படித்தவள். சிவப்பு உடைக்காரன் கோபுரத்திலிருந்து இறங்கியபோது முதலில் என்ன வேகமோ கடைசியிலும் அதே வேகம். கறுப்பு உடைக்காரன் அப்படியில்லை. விழ விழ வேகம் கூடியது. எடையுள்ள ஓர் உடம்பு அப்படித்தான் விழும்.

"அண்ணே, அத இன்னொருக்கா போடுங்க."

விருந்தாளிகள் முன்னால் அவள் வாய் திறந்து கலீல் பார்த்ததில்லை. மறுபடி போட்டான்.

மாடி விளிம்பில் கறுப்பு உடைக்காரன் நிற்கிறான். குதிக்குமுன் கை மேலே போகிறது. கட்டைவிரல் முகமூடியின் நெற்றியில் நெடுக்காக ஒரு தரம், குறுக்காக ஒரு தரம் போய் வருகிறது.

"உள்ளுக்குள்ள அரிக்குது போல," என்று கலீல் சிரித்தான்.

அருள்செல்வி சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போது, பரீட்சைத் தாளைத் தொடும்போது, கிணற்றில் குதிக்கும்போது, அந்த வீட்டில் எல்லோருக்கும் கட்டைவிரல் தானாக நெற்றிக்குப் போகும். சின்னதாக ஒரு சிலுவை. மதலேனாள் பழக்கியது.

உடம்பு கீழே வந்தது. வலது இடுப்பு தரையைத் தொட்ட இடத்தில் காட்சி வெட்டுப்பட்டு, நெருப்பு எழுத்தில் படத்தின் பெயர் வந்தது.

அவள் அண்ணனைப் பார்த்தாள். வலது இடுப்பைப் போர்வையால் மூடிக்கொண்டு அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லாத," என்றான் அடங்கிய குரலில். "அம்மா இனி என்னைய ஊரத் தாண்ட விடாது."

"என்னத்தடா சொல்லக் கூடாது?" என்றான் கலீல்.

அடுப்படியில் மதலேனாள் திராட்சையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடிபடாத பழமாகப் பார்த்துப் பார்த்து ஒரு கிண்ணத்தில் தனியாகப் போட்டாள். யாருக்கென்று கேட்க வேண்டியதில்லை. அதையும் பேசாமல்தான் கொண்டுபோய் வைப்பாள்.

அருள்செல்வி கலீலின் கையிலிருந்து செல்லை வாங்கினாள். பின்னால் ஜோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது அவள் அடுப்படிக்குள் இருந்தாள்.

"ம்மா, இதப் பாரு."

"சினிமாவா? வேலையிருக்குடி."

"அண்ணன் குடிக்கலம்மா. பைக்குல விழுகல. இந்த முகமூடிக்குள்ள ஹீரோவுக்கு டூப்பா விழுறது அண்ணன்தான்."