கேட்டுக்குப் பக்கத்தில் நாலு வாளி

"சுரண்டுய்யா! நல்லா அழுத்திச் சுரண்டு! கோயில் மதில்ல காட்டுன வேலைய இங்க காட்டாத!"

பண்டாரவளையில் பெயின்ட் கடை வைத்திருக்கும் இராசையா முதலாளி, தன் வீட்டு வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். ஏணி மேல் நின்ற ரெங்கசாமி தகட்டை இன்னும் அழுத்திச் சுரண்டினான்.

எதிர்த்துப் பேச முடியாது. கொஸ்லந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மதிலுக்குப் போன தைக்கு முன்னால் பெயின்ட் அடித்தது அவன்தான். பெயின்ட், இராசையா கடையில் வாங்கியது. ஆடி வருவதற்குள் மதில் முழுக்கச் சொறி பிடித்த மாதிரி உரிந்து போனது.

"நம்ம பெயின்ட்ல ஒரு குத்தமும் இல்ல டீச்சர். இவன் பாசியச் சுரண்டாம மேலால பூசிட்டான்" என்று கோயில் சபைத் தலைவி விஜயலெட்சுமி டீச்சரிடம் அடித்துச் சொன்னார் இராசையா.

அதோடு சரி. ஒரு தோட்டத்திலும் ரெங்கசாமியை ஏணி சாத்த விடவில்லை.

கடைசியில் இராசையாவிடமே வந்து நின்றான்.

"என் வீட்டுக்கு அடி. நான் கிட்ட நின்னு பாக்குறேன். வேல சுத்தமா இருந்தா நானே டீச்சர்ட்ட பேசுறேன். ஆனா அரைச் சம்பளம்தான்."

ஒத்துக்கொண்டான்.

மூன்று நாள் தகட்டால் சுரண்டி, கம்பி பிரஷால் தேய்த்து, கழுவிக் காயவிட்டான். பழைய பெயின்ட் அப்பளம் அப்பளமாகக் கழன்று விழுந்தது.

"இதுவும் நம்ம கடைப் பெயின்ட்தானுங்களா முதலாளி?"

"வேலையப் பாருய்யா!"

நாலாம் நாள் முதலாளியே நாலு வாளி தூக்கி வந்தார். நாலிலும் அவர் கடைப் பேர்.

"கேட்டுக்குப் பக்கத்துல வை. ரோட்டுல போறவன் பாக்கட்டும்."

ரெங்கசாமி தொட்டதுமே மூடி கையோடு வந்தது.

"கலர் சரியான்னு தொறந்து பாத்தேன்யா. அடி, அடி!"

சாயங்காலம் பிரஷ் கழுவக் கோழிக்கூட்டுப் பக்கம் போனவன் திரும்பிவரக் கொஞ்சம் நேரமானது.

"அங்க என்னாய்யா இவ்வளவு நேரம்?"

"கோழியப் பாத்தேங்க."

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. சுவர் அசையவில்லை. இராசையா டீச்சரை வீட்டுக்கே அழைத்து வந்தார். ரெங்கசாமியும் வந்து ஓரமாக நின்றான்.

"பாத்தீங்களா டீச்சர்? அதே பெயின்ட், அதே ஆளு. இந்தத் தடவ ஒழுங்காச் சுரண்டினான். அம்புட்டுத்தான்!"

டீச்சர் நகத்தால் கீறிப் பார்த்தார். ஒரு பொடி உதிரவில்லை.

"அப்ப குத்தம் உன்னோடதுதானா ரெங்கசாமி?"

ரெங்கசாமி தலையைச் சொறிந்தான். "இருக்கட்டும் டீச்சர். கோயிலுக்குக் கூலி வாங்காமலே திருப்பி அடிச்சுத் தாறேன். முதலாளி இதே பெயின்ட தந்தாப் போதும்."

"தாறேன்யா! நாளைக்கே கடைக்கு வா. மூடி தொறக்காத புது வாளியாத் தாறேன்!"

"ஐயோ, அது வேணாங்க. கோழிக்கூட்டுக்குப் பின்னால எதிர்க்கடைக்காரரு வாளி நாலு கவுத்து வச்சிருக்கீங்களே... அதுலருந்து உங்க வாளிக்கு மாத்தி ஊத்துனீங்க பாருங்க, அந்தப் பெயின்டயே தாங்க முதலாளி."