அப்பா நுழைய முடியாத பள்ளி

ஊவா மாகாணத்தில் விதுஷா படிக்காத பள்ளிக்கூடமே இல்லை என்று, ஓய்வுபெற்ற பள்ளி அதிபரான நான் பசறை ஊர் முழுக்கக் கதை அளந்துவிட்டிருந்தேன். இராணுவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க உதவி கேட்டு, அப்பா வீரமலையோடு அவளே என் வீட்டுக்கு வந்தாள்.

“ஏன் வீரமலை, பூனை குட்டியத் தூக்குற மாதிரி பிள்ளைய ஸ்கூல் ஸ்கூலா தூக்கிட்டுத் திரியிற?”

“எந்த ஸ்கூலும் சரியில்லைங்க ஐயா. இவள மட்டுந்தான் கவனிக்கிறாங்க. இவகூட ஒண்ணாப் பொறந்தவன கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க.”

“பய மட்டம் போட்டிருப்பான்” என்று சிரித்தேன். வீரமலை வெற்றிலை துப்ப வெளியே போனார்.

விதுஷா குரலைத் தாழ்த்தினாள். “துஷாந்த் மண்சரிவுல எங்க தோட்டத்து லய வீட்டோட போயிட்டான் சேர். உடம்பு கிடைக்கல, அதனால அப்பா நம்பல. எங்க போனாலும் ரெண்டு பேரையும் சேர்க்கச் சொல்லுவாரு. அவன் எங்கன்னு கேட்டாங்கன்னா, அடுத்த ஸ்கூல்.”

“அதுக்கு ஆமி எதுக்கும்மா?”

“அங்க ஆம்பளைங்களுக்குத் தனி இடம். அப்பாவ உள்ள விடமாட்டாங்க. அவன் நல்லா இருக்கான்னு லீவுல வந்து நானே சொல்லிக்குவேன்.”

வீரமலை திரும்பி வந்தார். “மகனுக்கும் எழுதியாச்சுங்களா?”

“அவனுக்குத்தான் முதல்ல எழுதினேன்” என்றேன்.