வனிதாமணியின் அழுகை

படத்தைத் தடைசெய்யச் சொல்லித் தியேட்டர் வாசலில் ஒரு கூட்டம் கோஷம் போட்டது. இன்னொரு கூட்டம் இயக்குநரின் கட்அவுட்டுக்குப் பாலூற்றியது. இரண்டுக்கும் நடுவே நுழைந்து வனிதாமணி உள்ளே போய் உட்கார்ந்தாள். அவள் டப்பிங் கலைஞர். படத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தவள். அந்தப் பெண்ணின் தகப்பனைக் கதாநாயகனான மன்னன் வெட்டும் காட்சிக்கு, மைக் முன்னால் தன் அப்பாவை நினைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதிருந்தாள். இப்போது திரையில் வாள் இறங்கியதும் அரங்கமே எழுந்து விசிலடித்தது. அழுகை கொஞ்சமும் கேட்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் விசிலடித்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். "என்னக்கா, ரத்தத்தப் பாத்துப் பயந்துட்டீங்களா?" "இல்லப்பா. அந்தப் பொண்ணு அழுவுதுல்ல, அது என் குரல். நீங்க போடுற சத்தத்துல எனக்கே கேக்கல." அவன் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான், நம்பினானா என்று தெரியவில்லை. இடைவேளைக்குப் பிறகு அந்தப் பெண்ணின் அண்ணனை இழுத்துவந்து மண்டியிட வைத்தார்கள். மறுபடி விசில் கிளம்பியது. பக்கத்து இருக்கைக்காரன் எழுந்து பின்னால் திரும்பி, "டேய், கொஞ்சம் சும்மா இருங்கடா. அந்தப் பொண்ணு அழுவுறது கேக்கட்டும்" என்று கத்தினான். யாரோ சிரித்தார்கள். யாரோ அவனைத் திட்டினார்கள். பிறகு விசில் ஒவ்வொன்றாக அடங்கியது. வாள் இறங்கியது. வனிதாமணி தன் அழுகையை முழுசாகக் கேட்டாள். அது ஓய்ந்த பிறகும், இருட்டில், பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டுக்கொண்டே இருந்தது.