தீக்குக் காத்திருந்த ஈயச்சொம்பு

கோமளா மாமி ரசம் வைக்கிற ஓர் ஈயச்சொம்பு, கழுவும்போது அவள் கை நழுவி ஆற்றில் மூழ்கி, பல வருடமாக மணலிலேயே கிடந்தது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் ஈயம் உருகிவிடும் என்று மாமி முதலில் தண்ணீர் ஊற்றுவாள், பிறகுதான் தீ மூட்டுவாள். இப்போதுதான் தண்ணீர் நிறைய இருக்கிறதே, மாமி தீ மூட்ட வந்துவிடுவாள் என்று சொம்பு நம்பியது. புளியும் பெருங்காயமும் மணந்த அந்தக் காலைகளையே நினைத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் வயிற்றின் அடியில் குஞ்சுகளைச் சுமந்தபடி ஒரு நண்டு வந்தது.

“சொம்பக்கா, மலையில மழை பிடிச்சிருக்கு. வெள்ளம் வந்தா என் பிள்ளைங்களை அடிச்சிட்டுப் போயிடும். உள்ளே கொஞ்சம் இடம் கொடு.”

“ரசம் வைக்கிற பாத்திரத்துல நண்டா? மாமி பார்த்தா என்னைத் தொடவே மாட்டா.”

“எந்த மாமி? உன் உடம்பெல்லாம் கறுப்பாக் கல் பூத்துக் கிடக்கு.”

“அது அடுப்புக் கரி.”

நண்டு கொடுக்கால் சுரண்டிப் பார்த்தது. கறுப்புக்குக் கீழேயும் கறுப்புதான். நடுநடுவே உப்புக்கல் போல வெள்ளை மணிகள்.

“கரின்னா தேய்ச்சாப் போகணுமே, அக்கா. இது உன் ஈயம். தண்ணியில ஊறி ஊறிக் கல்லாயிடுச்சு.”

அதற்குள் தண்ணீர் கலங்கி வந்தது. குஞ்சுகள் தாயின் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

“சரி, வா. காலைத் தட்டிட்டு ஏறு” என்றது சொம்பு.

நண்டு உள்ளே ஒடுங்கியதும் சொம்பு மெல்லச் சொன்னது: “மாமி தீ மூட்டி ரசம் நுரை கட்டினதும் குரல் கொடுப்பேன். உடனே பிள்ளைங்களைக் கூட்டிட்டு இறங்கிடணும்.”