மேல் இடது மூலை

"அண்ணி, அவரை மேல இடது மூலையைத் தொடச் சொல்லுங்க."

"என்னங்க, மேல இடது மூலையைத் தொடணுமாம்."

"தொட்டுக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்லு. இடது பக்கம் தொட்டா வலது பக்கம் என்னமோ திறக்குது."

மூவரும் அண்ணனின் டேப்லெட்டை நடுவில் வைத்து ஒரே மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அதில் அண்ணியின் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சுளுக்கிக்கொண்டது.

மாடிப்படிக்குக் கீழே யார் வண்டியை நிறுத்துவது என்று ஆரம்பித்த சண்டை. லாரி மெக்கானிக்கான அண்ணன், "இனி அவனோட பேசினா என் பேரை மாத்திக்கிறேன்" என்று கீழ் வீட்டில் சபதம் போட்டார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி, மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரின் மறுகோடியில் வீடு தேட ஆரம்பித்தான். அவன் போய்விட்டால் அப்புறம் இந்த இரண்டும் ஒட்டாது என்று அண்ணிக்குத் தெரியும். பிடிவாதத்தில் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள்.

அந்த நேரம் பார்த்துத்தான் டேப்லெட்டில் டச் தறிகெட்டுப்போனது. பழைய டேப்லெட். ஆமையாய் ஊர்ந்ததால், நல்ல உறவில் இருந்தபோது தம்பிதான் அதில் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். இன்ஜின் பிரிக்கிற வீடியோ பார்க்காவிட்டால் அண்ணனுக்குச் சோறு இறங்காது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உன் கொழுந்தனை வரச்சொல்லு" என்றார்.

"டிரைவர்ல கோளாறு அண்ணி. அதான் திசை மாறுது."

"வண்டியே இல்லாம டிரைவர் எதுக்காம்னு கேளு."

"விரல் எங்க பட்டுச்சுன்னு லினக்ஸுக்குச் சொல்றவன் பேருதான் டிரைவர்னு சொல்லுங்க. இவன் குடிச்சிட்டு ஓட்டுறான். இடம் வலம் தெரியலை."

திடீரென்று அண்ணி எழுந்தாள். "ஐயையோ, அடுப்புல பாலை வெச்சுட்டு வந்துட்டேன்."

கூடத்தில் அண்ணனின் தொண்டைச் செருமல்.

"இப்ப எந்த மூலைடா?"

"அதே மேல் இடதுதான்."

"இதானே?"

"அது வலது."

"எனக்கு இடது எதுன்னு எனக்கே சொல்லித் தர்றியா?"

ஒரு சிரிப்புக் கேட்டது. யாருடையது என்று அண்ணியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருவர் சிரிப்பும் ஒரே அச்சு. சமையலறையில் பாலும் இல்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டே நின்றாள்.

அவள் திரும்பி வந்தபோது டச் வேலை செய்தது.

"அப்படி என்னதான் தம்பி கோளாறு?"

"டச்சுக்கு உயிரே இந்த ஒரு ஃபைல்தான் அண்ணி. பேர்ல ஒரு எழுத்து பிசகினாலும் லினக்ஸ் அதைக் கண்டுக்காது." எந்த இடத்தில் இருக்கிறது, எப்படிப் போய்ப் பார்ப்பது என்று இருவருக்கும் காட்டினான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் வெள்ளைக் கீபோர்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

"கிரீஸ் கையோட அதைத் தொட்டுடாதீங்க" என்றாள் அண்ணி.

"நான் எதுக்குத் தொடப்போறேன்? அதுல எனக்கு என்ன தெரியும்?"

அதற்குப் பிறகு டச் அடிக்கடி மண்டையைப் போட்டது. தம்பி இறங்கி வருவான், தலையைச் சொறிவான், சரி செய்வான். "லினக்ஸ் இப்படிப் பண்ணாதே அண்ணே" என்பான். "உன் லினக்ஸுக்கு என் லாரியே தேவலைடா" என்பார் அண்ணன். பேச்சு இன்ஜினுக்குப் போகும், சின்ன வயதில் விழுந்து முட்டி பெயர்த்த கதைக்குப் போகும். அண்ணியின் கழுத்துச் சுளுக்கு விட்டுப்போனது. ஆனால் வண்டி நிறுத்தும் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி டேப்லெட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டான். நாலு மூலையையும் அவனே தொட்டுப் பார்த்தான்.

"இனி மக்கர் பண்ணாது. நான் இல்லாட்டியும் ஓடும்." தலையை நிமிர்த்தவில்லை. "வீடு அமைஞ்சிருச்சு அண்ணி. சாயந்திரம் சாவி வாங்கப் போறேன்."

அண்ணன் பழைய துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எத்தனை துடைத்தாலும் போகாத கறுப்பு.

அண்ணி தம்பியுடன் படி வரை போனாள். "யோசிச்சுக்கோப்பா" என்றாள். "யோசிச்சாச்சு அண்ணி" என்று மேலே ஏறிவிட்டான். அவள் திரும்பி வந்தபோது அண்ணன் பின்பக்கம் ரிப்பேருக்கு வந்த லாரிக்கு அடியில் படுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி கதவை ஒருக்களித்துவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் செய்தபடியே அந்த ஃபைல் இருந்த இடத்துக்குப் போனாள். அதன் பெயரில் எப்போதும் முதல் எழுத்தைத்தான் மாற்றுவாள். மாற்றப் போனவள் அப்படியே கையை நிறுத்தினாள்.

கடைசி எழுத்து ஏற்கெனவே மாறியிருந்தது.

காலையில்தான் துடைத்து வைத்த வெள்ளைக் கீபோர்டில், ஒரே ஒரு எழுத்தின் மேல் மட்டும் கறுப்பாய் ஒரு கிரீஸ் ரேகை. அண்ணி அதைக் கைத்துணியால் அழுந்தத் துடைத்துவிட்டு, மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "தம்பி, உங்கண்ணன் கூப்பிடுறாருப்பா, மறுபடியும் போயிருச்சாம்."