விரல் மறைத்த பக்கம்

தீவு ஆஸ்பத்திரியின் பேட்டரிப் பதிவேட்டில் அந்தப் பக்கம் வந்ததும் ஒகோலா கட்டைவிரலை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டு, அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினான். நெகேசாவின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

“விரலை எடுங்க, மிஸ்டர் ஒகோலா.”

நைரோபியிலிருந்து பஸ், படகு என்று மாறி மாறி விக்டோரியா ஏரியின் இந்தத் தீவுக்கு அவள் வந்திருப்பது வேடிக்கை பார்க்க அல்ல. ஒகோலாவின் உப்பு பேட்டரிக் கம்பெனியில் ஆசிரியர் சேமிப்புச் சங்கம் பணம் போடலாமா, கூடாதா என்று அவள்தான் சொல்ல வேண்டும். போடலாம் என்றால் இன்னும் பதினோரு தீவு ஆஸ்பத்திரிகளில் ராத்திரியும் விளக்கெரியும். கூடாது என்றால் மாதக் கடைசியில் கம்பெனிக்குப் பூட்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காற்றாலைக் கம்பெனியை நம்பி ‘போடலாம்’ என்று எழுதியவள் அவள். திரைக்குப் பின்னால் டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. பாதி வாத்தியார்கள் இன்றைக்கும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதனால் வந்ததும் வராததுமாகப் பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து தேடிவிட்டாள். ஒரு பல்லிதான் இருந்தது.

“உப்பும் தண்ணியும் இருந்தா எங்க வீட்டுல கீரை வேகும். உங்களுக்கு மட்டும் கரன்ட் வருதாக்கும்?” என்று கேட்டாள்.

டீயும் போண்டா மாதிரிப் பொரித்த மண்டாசியும் கொண்டுவந்த நர்ஸ் அக்கோத் சிரித்துவிட்டாள். ஒகோலா சிரிக்கவில்லை. விரலை மெல்ல எடுத்தான்.

இரண்டே வரி. ‘இரவு 2.10 மின்சாரம் நின்றது. 2.50 வந்தது.’

“பதினாலு மாசத்துல ஒரே ஒரு தடவை,” என்றான். “உப்பு அரிச்சு ஒரு இணைப்பு விட்டுப்போச்சு. அதுக்கப்புறம் போற இடத்துக்கெல்லாம் ரெண்டு ரெண்டா வைக்கறோம். ஒண்ணு நின்னா இன்னொண்ணு அந்த நொடியே எடுத்துக்கும்.”

“மத்த பக்கமெல்லாம் சிஸ்டர் எழுதியிருக்காங்க. இது மட்டும் உங்க விண்ணப்பத்துல நான் பார்த்த அதே கோணல் எழுத்து. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களுக்கு இங்க என்ன வேலை?”

“இங்கதான் இருந்தேன்.”

“பழுதாகும்னு முன்கூட்டியே தெரியுமோ?”

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒகோலா கையமர்த்தினான். சரிதான், இரண்டு பேரும் கூட்டு என்று நெகேசா முடிவு கட்டினாள்.

“இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே?”

“கிழிக்க மனசு வரல, மேடம்.”

நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டாள். “அந்த நாப்பது நிமிஷம் உள்ள யாரு இருந்தாங்க?”

“ஒரு பொம்பளப் புள்ள. குறைமாசம். ஆக்சிஜன் மெஷின்ல இருந்தா.”

“அப்புறம்?”

ஒகோலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “பிழைக்கல.”

நெகேசாவும் இரண்டு பெற்றவள். கையிலெடுத்த டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டாள்.

“அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே?”

“சிஸ்டர் தலபாடா அடிச்சுக்கிட்டாங்க. படகுகூடத் தயாரா நின்னுச்சு. அவ அப்பாதான் வேண்டாம்னுட்டாரு. இந்த பேட்டரி இருக்கும்போது எதுக்கு அலைச்சல்னாரு.”

“பாவம், யாரோ மீன் பிடிக்கறவன். உங்க பேச்சைக் கேட்டுப் புள்ளையைப் பறிகொடுத்துட்டான்.” நெகேசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்னையும் இப்படித்தானே ஒருத்தன் ஏமாத்தினான்! ஆளை நம்ப வைக்க உங்க மாதிரி ஆளுங்களுக்குச் சொல்லியா தரணும்?”

அக்கோத் விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள். ஒகோலா, நீங்கள் சொல்வது சரிதான் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினான். அது நெகேசாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

படிவத்தில் ‘வழக்கு வரும் ஆபத்து’ என்ற இடத்துக்கு வந்தாள்.

“பெத்தவங்ககிட்ட ஏதாவது எழுதி வாங்கினீங்களா?”

“இல்ல. ஆனா அவங்க கேஸ் போடமாட்டாங்க.”

“அதை நீங்க எப்படிச் சொல்றீங்க? நாளைக்கே ஒரு வக்கீலைப் பிடிச்சா எங்க வாத்தியாருங்க காசு அம்பேல். அந்தம்மா எங்க இருக்காங்க?”

“பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. ஏழு மாசமாச்சு. யார்கிட்டயும் பேசறதில்ல.”

“அப்ப புருஷன்?”

“இங்கதான். இந்தத் தீவுலதான்.”

“நல்லதாப் போச்சு.” நெகேசா பேனாவை மூடிவிட்டு எழுந்தாள். “கிளம்புங்க. பணம் கொடுத்து வாயை அடைச்சீங்களா, மிரட்டி வெச்சிருக்கீங்களான்னு அந்த அப்பாவை நான் நேருக்கு நேர் பார்க்கணும். பார்க்காம ஒரு எழுத்து எழுத மாட்டேன்.”

ஒகோலா எழுந்திருக்கவில்லை. திறந்து கிடந்த அந்தப் பக்கத்தின்மேல் மறுபடியும் கட்டைவிரலை வைத்துக்கொண்டான்.

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கீங்க, மேடம்.”